பூந்தோட்டத்தில் நிறப் பொருத்தம்

புதிதாக வீடு கட்டிக் குடியேறுவோர் பலரும், சுவருக்குப் பூசவேண்டிய வண்ணத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு மூன்று வாரங்கள் எடுத்துக்கொள்கின்றனர். வண்ண அட்டைகளைப் புரட்டிப் பார்க்கின்றனர்; வீட்டிலுள்ள அனைவரையும் கலந்து பேசுகின்றனர். அதே வீட்டின் முன்புறத்திற்கான பூச்செடிகளோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அரைமணி நேரத்தில் வாங்கப்பட்டுவிடுகின்றன. நர்சரியில் ஒவ்வொரு செடியும் தனித்தனியே அழகாகத்தான் தோன்றும். சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, இளஞ்சிவப்பில் இரண்டு எனப் பன்னிரண்டு தொட்டிகள் வீடு வந்து சேர்கின்றன. இரண்டு மாதங்கள் கழித்து எல்லாம் பூத்த பின்னரும் தோட்டம் கண்ணுக்கு நிறைவளிப்பதில்லை. எரு போதவில்லை, வெயில் போதவில்லை என்று காரணம் தேடுகிறோம். பெரும்பாலும் குறை செடிகளில் இருப்பதில்லை. அவற்றை ஒன்றுசேர்த்த விதத்தில்தான் இருக்கிறது.

நிறப் பொருத்தம் என்பது ஓவியர்களுக்கு மட்டுமே கைவந்த நுட்பமன்று. செடி வாங்குவதற்கு முன்பு மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால், வேலையில் பாதி முடிந்துவிடும். இந்தத் தோட்டத்தை எந்த நேரத்தில் பார்க்கப் போகிறோம்? யார் பார்க்கப் போகிறார்கள்? எங்கிருந்து பார்க்கப் போகிறோம்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு, எந்த நிறத்தை எதனுடன் சேர்ப்பது என்பது எளிதாகிவிடும். முதலில் நிறங்களின் உறவைச் சுருக்கமாகக் காண்போம்.

நிறங்களுக்கிடையே உள்ள உறவு

ஒளியைப் பற்றி 1704இல் வெளியிட்ட நூலில், ஐசக் நியூட்டன் நிறங்களை ஒரு வட்டமாக வரிசைப்படுத்திக் காட்டினார். பின்னாளில் ஓவியர்கள் அதனைத் தம் பயன்பாட்டுக்கேற்ப அமைத்துக்கொண்டனர். ஓவியர்களின் நிறச் சக்கரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் அடிப்படை நிறங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் ஆரஞ்சு, மஞ்சளுக்கும் நீலத்திற்கும் இடையில் பச்சை, நீலத்திற்கும் சிவப்புக்கும் இடையில் ஊதா அமைகின்றன. சக்கரத்தில் நேரெதிரே நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். மஞ்சளுக்கு எதிரே ஊதா, ஆரஞ்சுக்கு எதிரே நீலம், சிவப்புக்கு எதிரே பச்சை ஆகியவை உள்ளன. அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து செல்லும்.

இந்த உறவை முறையாக ஆராய்ந்தவர் செவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் உள்ள கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் பொறுப்பை 1824இல் அவர் ஏற்றார். அங்கு நீல, ஊதா நிறத் துணிகளில் இட்ட கறுப்புச் சாயம் வெளிறித் தோன்றுகிறது என்ற புகார் அவரிடம் வந்தது. சாயத்தை அவர் சோதித்தார். அதில் குறையேதும் இல்லை. அருகிலிருந்த நிறமே கறுப்பை வெளிறச் செய்து காட்டியது என்பதைக் கண்டறிந்தார். ஒரு நிறம் எவ்வாறு தோன்றும் என்பதை அதன் பக்கத்தில் இருக்கும் நிறமும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்ற இந்த உண்மையை 1839இல் நூலாக வெளியிட்டார். பூச்செடிகளை வரிசைப்படுத்துவதற்கும் இவ்விதி பொருந்தும் என்று அந்நூலிலேயே அவர் விளக்கியுள்ளார். நர்சரியில் நம்மைக் கவர்ந்த செடி வீட்டில் சோபிக்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

மூன்று எளிய வழிகள்

நிறச் சக்கரத்தைக் கொண்டு மூன்று விதமாகத் தோட்டம் அமைக்கலாம்.

முதலாவது, எதிர்நிறச் சேர்க்கை. மஞ்சள் செண்டுமல்லியுடன் ஊதா வாடாமல்லியை நடுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டும் வெயிலை விரும்புபவை. இரண்டும் மழைக்காலத்தை ஒட்டி ஒரே பருவத்தில் பூப்பவை. பூக்கடைகளில் கூடை கூடையாக இவை அருகருகே வைக்கப்பட்டிருக்கும்போது கண் தானாக அங்கே செல்வதை நாம் உணர்ந்திருப்போம். வட இந்தியக் குளிர்காலத்தில் ஆரஞ்சு நிறக் காலெண்டுலாவின் பின்னால் நீல லார்க்ஸ்பர் செடிகளை நட்டால் அதே விளைவு கிடைக்கும். வீட்டின் நுழைவாயில் போன்று கவனத்தை ஈர்க்க வேண்டிய இடங்களுக்கு இவ்வகை ஏற்றது.

இரண்டாவது, அண்மைநிறச் சேர்க்கை. மஞ்சள் காஸ்மாஸ், ஆரஞ்சு ஜின்னியா, சிவப்புக் கோழிக்கொண்டை ஆகியவற்றை ஒன்றையடுத்து ஒன்றாக நட்டால், ஒரு நிறம் மெல்ல மற்றொன்றாக மாறுவது போல் தோன்றும். நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய இடத்திற்கு இதுவே உகந்தது; கண்ணைச் சோர்வடையச் செய்யாது.

மூன்றாவது, ஒரே நிறத் தோட்டம். இங்கிலாந்தின் சிசிங்ஹர்ஸ்ட் மாளிகையில் எழுத்தாளர் விட்டா சாக்வில் வெஸ்ட் 1950ஆம் ஆண்டையொட்டி அமைத்த வெண்மைத் தோட்டம் உலகப் புகழ்பெற்றது. நமது வீடுகளில் நந்தியாவட்டை, மல்லிகை, வெள்ளை நித்தியகல்யாணி, வெள்ளை அரளி ஆகியவற்றைக் கொண்டே இத்தகைய தோட்டத்தை அமைத்துவிடலாம். அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை உடையவை என்பதால், சிறு குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள வீடுகளில் அதனைத் தவிர்ப்பது நலம்.

எந்த முறையைப் பின்பற்றினாலும், பச்சையும் ஒரு நிறமே என்பதை மறந்துவிடலாகாது. தோட்டத்தின் பெரும்பகுதி இலைதான். அடர்பச்சை, இளம்பச்சை, சாம்பல் பூத்த பச்சை என இலைகளிலேயே வேறுபாடு இருந்தால், பூக்கள் குறைந்த மாதங்களிலும் தோட்டம் வெறுமையாகத் தோன்றாது.

எந்த நேரத்தில் பார்க்கிறோம்?

நிறப் பொருத்தம் குறித்த நூல்களில் பல குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றுள் முதன்மையானது, கெர்ட்ரூட் ஜெக்கில் அம்மையார் 1908இல் வெளியிட்ட நூல். ஓவியப் பயிற்சி பெற்ற அவர், தம் வீட்டுத் தோட்டத்தின் நீண்ட பாத்தியை ஓர் ஓவியம் போலவே அமைத்தார். இரு முனைகளிலும் வெளிர் நிறங்கள். நடுப்பகுதியை நெருங்க நெருங்க மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறம் வலுப்பெறும். பின் மீண்டும் தணியும். அவருக்கு அந்த வீட்டை வடிவமைத்துத் தந்தவர் எட்வின் லட்யன்ஸ். புதுதில்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் கட்டடத்தையும், அதனையொட்டி 15 ஏக்கரில் அமைந்த தோட்டத்தையும் வடிவமைத்தவர் அவரே. முகலாயத் தோட்டம் என வழங்கிவந்த அதற்கு 2023இல் அம்ருத் உத்யான் எனப் பெயரிடப்பட்டது.

ஆயினும் இங்கிலாந்தின் நிறப் பட்டியலை நம் ஊரில் அப்படியே பின்பற்ற இயலாது. அங்கு மேகம் சூழ்ந்த மென்மையான ஒளியில் வெளிர் இளஞ்சிவப்பும் வெளிர் மஞ்சளும் துலங்கும். நம் நாட்டு நண்பகல் வெயிலில் அவை வெளுத்துப்போய்த் தோன்றும். உச்சி வெயிலையும் தாங்கி நிற்பவை செம்பருத்தியின் சிவப்பு, காகிதப்பூவின் அடர் இளஞ்சிவப்பு, செண்டுமல்லியின் ஆரஞ்சு போன்ற வலுவான நிறங்களே. அதற்கு மாறாக, மரநிழலிலும் வீட்டின் வடக்குப் பக்கத்திலும் அடர்நிறங்கள் இருளோடு கலந்துவிடும். அங்கு வெள்ளைப் பிகோனியா, வெளிர் இளஞ்சிவப்பு இம்பேஷன்ஸ், வெண்ணிற நரம்போடிய கலேடியம் இலைகள் ஆகியவையே இடத்தை ஒளிபெறச் செய்யும்.

பணிக்குச் செல்வோர் இன்னொன்றையும் கருத வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பி, மாலை ஆறரை மணிக்குத் திரும்பும் ஒருவர் தம் தோட்டத்தை வாரத்தில் ஐந்து நாள்கள் அந்தி ஒளியில்தான் பார்க்கிறார். மங்கலான ஒளியில் நம் கண்ணின் உணர்திறன் நீலம், பச்சை ஆகிய நிறங்களின் பக்கம் நகர்ந்துவிடும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கினே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைக் கண்டறிந்தார். நண்பகலில் கண்ணைப் பறிக்கும் சிவப்புப் பூ, அந்தியில் முதலில் கறுத்து மறைந்துவிடுகிறது; வெள்ளையும் வெளிர் மஞ்சளும் வெளிர் நீலமும் நெடுநேரம் தெரிகின்றன. பணம் செலவழித்து நாம் வளர்க்கும் சிவப்பு ரோஜாக்களை நம் தெருவில் செல்வோர் கண்டு மகிழ, நாம் மட்டும் காணாமல் இருப்பது நியாயமாகாது. மாலையில் வீட்டிலிருப்போர் உட்காரும் இடத்திற்கு அருகே வெள்ளைப் பூக்களுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். மல்லிகையும் முல்லையும் மாலையில் மலர்ந்து மணம் வீசுபவை. அந்திமந்தாரை பெயருக்கேற்ப மாலையில்தான் இதழ் விரிக்கும். அதற்கு மாறாக, பத்துமணிப் பூ வெயில் ஏறும்போது மலர்ந்து பிற்பகலுக்குப் பின் கூம்பிவிடும்; காலை முழுவதும் வீட்டில் இருப்போருக்கே அது ஏற்றது.

யார் பார்க்கிறார்கள்?

பல இல்லங்களில் தோட்டத்தை அதிக நேரம் பார்ப்பவர்கள் முதியவர்கள். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மெல்ல மஞ்சளாகிறது. கண்புரை தொடங்கினால் இது மேலும் மிகும். அவ்வாறான கண்ணுக்கு நீலமும் ஊதாவும் மங்கிச் சாம்பல் நிறம்போல் தோன்றும். தம் தோட்டத்தையே வாழ்நாளெல்லாம் ஓவியமாகத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் கிளாட் மொனேவுக்கும் இந்நிலை ஏற்பட்டது; 1923இல் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. ஆகவே, எண்பது வயதைக் கடந்த தாயார் அமர்ந்து பார்க்கும் திண்ணையின் எதிரே டிசம்பர் பூவையும் சங்குப்பூவையும் மட்டும் நட்டால், நமக்கு அழகாகத் தெரிவது அவருக்குத் தெரியாமல் போகலாம். மஞ்சளும் ஆரஞ்சும் வெள்ளையும் அவருக்கு நன்கு புலப்படும். பூவின் அளவும் சற்றுப் பெரியதாக இருப்பது நல்லது.

ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். பச்சை இலைகளிடையே மலர்ந்த செம்பருத்தி அவர்களுக்கு எடுப்பாகத் தோன்றாது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மஞ்சளும் நீலமும் கலந்த தோட்டம் அவருக்கும் முழுமையாகக் கிட்டும்.

தேனீக்களையும் பார்வையாளர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. நீலம், ஊதா, மஞ்சள் ஆகியவை நன்கு தெரியும். சிவந்த குழல் வடிவப் பூக்களை நாடி வருவது தேன்சிட்டு. தோட்டத்தில் பூசணியும் பாகலும் வளர்ப்போர், அவற்றின் அருகே தேனீ விரும்பும் பூக்களை நட்டால் காய்ப்பும் கூடும்.

எங்கிருந்து பார்க்கிறோம்?

சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் நம்மை நோக்கி முன்வருவனபோல் தோன்றும். நீலமும் வெளிர் ஊதாவும் விலகிச் செல்வனபோல் தோன்றும். சிறிய முற்றத்தின் கடைசியில் நீலப் பிளம்பேகோவை நட்டு, முன்புறத்தில் மஞ்சளை வைத்தால், இடம் சற்று ஆழமாகத் தெரியும். மாற்றி நட்டால், இருக்கும் இடமும் குறுகியதுபோல் தோன்றும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் இந்த வேறுபாட்டை எளிதில் உணரலாம்.

சுவரும் ஒரு பின்னணியே. செங்கல் நிறச் சுவரின் முன்னால் ஆரஞ்சுப் பூக்கள் மறைந்துவிடும். வெள்ளைப் பூக்கள் எழுந்து நிற்கும். வெண்ணிறச் சுவருக்கு முன் வெள்ளை நந்தியாவட்டையைவிட அடர் இளஞ்சிவப்புக் காகிதப்பூ பொருந்தும். அந்தக் காகிதப்பூவையே பளிச்சென்ற மஞ்சள் சுவரின் மீது படரவிட்டால், இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும்.

ஒரே காலத்தில் பூக்கின்றனவா?

தாளில் வரைந்த நிறப் பொருத்தம் மண்ணில் தவறுவதற்கு முதற்காரணம் பருவம். ஸ்ரீநகரில் சபர்வான் மலையடிவாரத்தில் சுமார் 30 ஹெக்டேரில் அமைந்து, 2007இல் திறக்கப்பட்ட துலிப் தோட்டத்தில் ஒவ்வொரு நிறமும் நீண்ட பட்டையாக நடப்பட்டிருக்கும். அந்தக் காட்சி மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் வரை சில வாரங்களே நீடிக்கும். ஆண்டின் ஒரு பகுதிக்காக மட்டும் அமைக்கப்பட்ட தோட்டம் அது. வீட்டுத் தோட்டத்திற்கு அது போதாது.

வட இந்தியச் சமவெளியில் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் விதைத்தால், பான்சி, பெட்டூனியா, காலெண்டுலா ஆகியவை பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உச்சத்தில் இருக்கும். கோடை வந்ததும் மடிந்துவிடும். கொல்கத்தாவில் குளிர்காலம் சாமந்திக்கும் டேலியாவுக்கும் உரியது. பெங்களூருவின் மிதமான தட்பவெப்பம் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பூவுக்கு இடம் தரும். சென்னை, மும்பை போன்ற கடற்கரை நகரங்களில் செம்பருத்தி, இட்லிப்பூ, நித்தியகல்யாணி, காகிதப்பூ போன்ற பல்லாண்டுச் செடிகளே நம்பகமானவை. ஆகவே, சேர்க்க நினைக்கும் இரண்டு செடிகளும் ஒரே மாதத்தில் பூக்குமா, ஒரே அளவு வெயிலும் நீரும் கேட்குமா என்பதை உறுதி செய்த பின்னரே நிறத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

மலைப்பகுதிகளில் வாழ்வோர் ஹைட்ரேஞ்சியாவின் இயல்பை அறிந்திருப்பர். அமிலத்தன்மையுள்ள மண்ணில் நீலமாகப் பூக்கும் அதே செடி, காரத்தன்மையுள்ள மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். சிலவற்றின் நிறத்தை மண்ணும் முடிவு செய்கிறது.

ஒரு பாத்திக்குக் கணக்கு

10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். சதுர அடிக்கு ஒரு செடி எனக் கொண்டால் 30 செடிகள் வேண்டும். இங்கு மூன்று நிறங்களுக்கு மேல் செல்ல வேண்டியதில்லை. முதன்மை நிறத்திற்கு 18 செடிகள், துணை நிறத்திற்கு 9, இடையிடையே தோன்றும் மூன்றாம் நிறத்திற்கு 3 என ஒதுக்கலாம். குட்டை ரக மஞ்சள் செண்டுமல்லி 18, ஊதா வாடாமல்லி 9, வெள்ளை நித்தியகல்யாணி 3 என வைத்துக்கொள்வோம். இவற்றை ஒரே நீண்ட வரிசைகளாக நடாமல், பாத்தியை மூன்று சம பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் பின்புறம் 3 வாடாமல்லி, முன்புறம் 6 செண்டுமல்லி, ஓரத்தில் ஒரு வெள்ளை நித்தியகல்யாணி. ஒரே அமைப்பு மூன்று முறை திரும்ப வருவதால் கண் தடையின்றி நகர்ந்து செல்லும்.

18, 9, 3 என்ற விகிதம் வேதவாக்கன்று. இரண்டு நிறங்களைச் சரிபாதியாகப் பிரித்தால் எது முதன்மை என்பது தெரியாமல் போகிறது. ஒன்று மிகுந்தும் மற்றொன்று குறைந்தும் இருந்தால் அமைதி உண்டாகிறது. இந்த அடிப்படையை மனத்திற்கொண்டால் போதும். தொட்டிகளுக்கும் இதுவே பொருந்தும்.

வாங்குவதற்கு முன்

விதையாக வாங்குவோர் பொட்டலத்தின் மீது 'மிக்ஸட்' என அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அத்தகைய பொட்டலத்தில் எல்லா நிறங்களும் கலந்திருக்கும். திட்டமிட்ட நிறம் கிடைக்காது. ஒரே நிற விதையைக் கேட்டு வாங்குவது நல்லது. நாற்றாக வாங்குவோர், ஒரு பூவாவது மலர்ந்த செடியைப் பார்த்து நிறத்தை உறுதி செய்துகொள்ளலாம். பெயர்ப்பலகையில் நீலம் என எழுதியிருக்கும் பூக்களில் பல, உண்மையில் ஊதாவாகவே இருக்கும்.

நர்சரியிலேயே இரண்டு மூன்று தொட்டிகளை அருகருகே வைத்துப் பத்து அடி விலகி நின்று பாருங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, அதனைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பாருங்கள். பூவும் இலையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், அச்சேர்க்கை அந்தியில் மறைந்துவிடும் என்று பொருள். உன்னிச்செடி பல நிறங்களில் எளிதாகப் பூத்தாலும், அது நம் காடுகளில் பரவி உள்ளூர்த் தாவரங்களை நெருக்கும் களையாகிவிட்டது; அதனைத் தவிர்த்தல் நன்று.

பெரிய தோட்டங்களைச் சென்று காண்பதும் நல்ல பயிற்சி. பெங்களூரு லால்பாக்கில் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுதோறும் இருமுறை மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. அங்கு செல்வோர் பூவின் பெயரை மட்டுமன்றி, அதன் பக்கத்தில் என்ன பூத்திருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அக்குறிப்பேடு விலைப்பட்டியலைக் காட்டிலும் பயன்படும்.

இடமாற்றம் உள்ள பணியில் இருப்போர், மூன்றாண்டுகளில் விட்டுச் செல்லப் போகும் குடியிருப்புக்கு இவ்வளவு சிந்தனை எதற்கு என்று எண்ணக்கூடும். ஒரு பருவப் பூக்கள் மூன்று நான்கு மாதங்களில் பலன் தந்துவிடும். காகிதப்பூவும் நந்தியாவட்டையும் போன்ற பல்லாண்டுச் செடிகளோ அடுத்துக் குடிவரும் குடும்பத்திற்கும் பூக்கும். இந்த வாரம் மாலையில் ஒரு பத்து நிமிடம், நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்து எதிரே பாருங்கள். வெளிச்சம் குறையக் குறைய உங்கள் கண்ணுக்கு எது தெரிகிறது, எது மறைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதியோர் இருந்தால், அவர்களையும் அருகில் அமர்த்திக் கேளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குச் செல்லும்போது, எந்த நிறத்தைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.